மூலைக் கட்டம்

மாடிப்படிக்குக் கீழே கவிழ்த்து வைத்திருந்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி, வெள்ளிக்கிழமை மதியம் இரண்டே முக்காலுக்குக் கூடத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது.

பெர்சிஸ் சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்று அதைப் பார்த்தாள். முந்தாநாள் அவள்தான் அதை எடுத்துப்போய் வைத்தாள். ஒரு காலில் ரப்பர் கழன்றுபோன நாற்காலி அது, இழுத்தால் பல் கூசுகிற மாதிரி கத்தும். யாராவது இழுத்து வந்திருந்தால் கேட்காமல் இருந்திருக்க முடியாது. காலையிலிருந்து வீட்டில் இருந்தது அவள் ஒருத்திதான். கணவன்மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று போனை எடுத்தாள்.

"ஏங்க, சேரைக் கூடத்துல கொண்ணாந்து போட்டது நீங்களா?"

"இன்னா சேரு?" நெல்வினின் குரலுக்குப் பின்னால் ராணிப்பேட்டை தோல் ஃபேக்டரியின் இரைச்சல். "நான் ஆறரைக்கே கெளம்பிட்டேன் பெர்சி. அக்சா இழுத்துனு வந்திருப்பா."

"அவளே ஒரு சாண் இருக்கா. அவ எங்க இழுக்கறது?"

"சரி விடு, இங்க சத்தம் ஜாஸ்தி. குழந்தை வந்ததும் ஒரு போன் போடு."

போனைச் சமையல் மேடையில் சார்ஜில் போட்டாள். மகள் அக்சா வர இன்னும் ஐம்பத்தைந்து நிமிடம். யூகேஜி வேன் மூன்று நாற்பதுக்குத் தெருமுனையில் நிற்கும். எதிர்வீட்டு ஃபரீதா அக்கா தன் பையனை இறக்கும்போது அக்சாவையும் இறக்கிக் கூட்டி வருவாள். அக்சா ஷூவையும் சாக்ஸையும் வாசலில் உதறிவிட்டு, வெறுமனே சாத்தியிருக்கும் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வருவாள். இதில் ஒருநாளும் மாற்றம் கிடையாது.

வெள்ளிக்கிழமை என்பதால் ஆம்பூரின் அந்தத் தெருவில் தோல் மண்டிகளெல்லாம் அடைத்திருந்தன. தொழுகை முடிந்து வந்தவர்கள் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள். மற்ற நாளில் விடாமல் கேட்கும் லாரிச் சத்தம் இல்லை, மின்விசிறி சுற்றுவதும் எங்கேயோ ஒரு குழாய் சொட்டுவதும் மட்டும்தான். ஊறல் தோலின் வாடை மட்டும் விடுமுறை எடுக்காது. ஜன்னலைச் சாத்தினாலும் அது உள்ளேதான் இருக்கும், பழகிப்போனதால் பெர்சிஸுக்கு அது வாடையாகவே தெரிவதில்லை. இன்றைக்குத் தெரிந்தது.

இந்த வீட்டை அவள் பிடித்ததே அந்தக் கூடத்துக்காகத்தான். கறுப்புக் கடப்பாக் கல்லும் வெள்ளைக் கல்லும் மாற்றி மாற்றிப் பதித்து, நீளவாக்கில் எட்டு, குறுக்கே எட்டு. தோலைப் பார்த்துப் பார்த்து எதையும் சதுர அடியாகவே பார்க்கிற நெல்வின், கண்ணாலேயே அளந்து "நூத்தி நாப்பத்தி நாலு" என்றான். இரண்டு பள்ளிகளில் செஸ் சொல்லிக்கொடுக்கும் பெர்சிஸ் எண்ணியது வேறு. அறுபத்து நாலு.

சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வருவார்கள். போன வாரம் கடைசிக்கட்ட ஆட்டம் எடுத்தாள். ஒரு பக்கம் ராஜாவும் யானையும், எதிர்ப்பக்கம் தனி ராஜா. கட்டங்களில் காயாக நிற்க எந்தப் பிள்ளையும் வரவில்லை, எல்லாருக்கும் ஆடத்தான் ஆசை. அதனால் சிவப்பு நாற்காலியை யானையாகவும், இருபது லிட்டர் தண்ணீர்க் கேனை ராஜாவாகவும் வைத்தாள். துரத்தப்படும் தனி ராஜாவாக அவளே நின்றாள். பாதி ஆட்டத்தில் மழை பிடித்தது. அப்பா அம்மாக்கள் பைக்கோடு வந்துவிட்டார்கள், பிள்ளைகள் கலைந்து ஓடினார்கள். ஆட்டத்தை முடிக்காமல், கை குலுக்காமல் எழுந்து போகக்கூடாது என்பது அவள் வகுப்பின் முதல் சட்டம். அன்றைக்கு அவளே சட்டத்தை மறந்து, "அடுத்த வாரம் இங்கேர்ந்தே முடிச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டாள்.

நாற்காலியை எடுத்து வைக்கலாம் என்று கூடத்துக்குள் இறங்கினாள். நடுவில் வந்ததும் தெருவாசல் பக்கம் ஒரு நிழல் அசைந்த மாதிரி இருந்தது. நின்று பார்த்தாள். ஒன்றும் இல்லை, ஜன்னல் திரைதான்.

முதுகுக்குப் பின்னால் நாற்காலி கத்தியது.

திரும்பினாள். ஜன்னலோரம் இருந்த நாற்காலி இப்போது சுவரை ஒட்டியபடி அவளுக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு வரிசையில் நின்றது. பூனை தள்ளியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பூனை எங்கே என்று தேடினாள். இந்த வீட்டுக்கு எந்தப் பூனையும் வருவதில்லை என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

சமையலறைக்குத் திரும்பலாம் என்று காலைத் தூக்கினாள். கால் வரவில்லை. மரத்துப்போகவில்லை, வலிக்கவும் இல்லை. நாற்காலி நிற்கும் அந்த வரிசைக்குள் வைக்க மட்டும் கால் மறுத்தது. பக்கத்துக் கட்டத்துக்குப் போகச் சொன்னால் போகத் தயாராக இருந்தது. பின்னால் மட்டும் முடியாது. பெர்சிஸ் குனிந்து தான் நிற்கும் கல்லைப் பார்த்தாள். தெருவாசலிலிருந்து நாலாவது வரிசை, வெள்ளைக் கல். மழை வந்த அன்றைக்கு அவள் விட்டுவிட்டுப் போன அதே கட்டம்.

சமையலறை வாசலில் 'குளுக்' என்று ஒரு சத்தம். தண்ணீர்க் கேன் ஸ்டாண்டிலிருந்து இறங்கி, கூடத்தில் சமையலறையை ஒட்டிய கல்லில் நின்றிருந்தது. உள்ளே ஒரு குமிழி மெல்ல மேலேறி வெடித்தது, யாரோ ஒரு மிடறு குடித்துவிட்டு நிறுத்திய மாதிரி.

"யாரு?" என்றாள். பிறகு பலமாகக் கத்தினாள். "ஃபரீதா அக்கா! அக்கா!"

குரல் சுவர்வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி இருந்தது. எதிர்வீட்டுத் திண்ணைக் கொடியில் காயும் துணி ஜன்னல் வழியே நன்றாகத் தெரிந்தது, ஃபரீதா அக்கா அதைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

காலடியில் கல் சுட ஆரம்பித்தது.

முதலில் வெயிலில் கிடந்த கல்லின் சூடு, பிறகு தோசைக்கல்லின் சூடு. பெர்சிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பாதத்தில் தோல் வெந்து ஒட்டுவது தெரிந்தபோது தாங்க முடியாமல் பக்கத்துக் கட்டத்துக்குத் தாவினாள். அங்கே குளிர்ச்சியாக இருந்தது. தாவிய உடனே கேன் ஒரு கல் முன்னால் வந்தது. மீண்டும் அவள் கல் சுட்டது.

அவள் ஒன்று நகர்ந்தால் அது ஒன்று நகர்கிறது. நகர மாட்டேன் என்றால் கல் விடாது.

புரிந்தவுடன் அவளுக்கு வந்த பயத்தைவிட, அடுத்து வந்த நினைப்புதான் அவளை உலுக்கியது. கதவு சாத்தியிருக்கிறது, தாழ் போடவில்லை. மூன்று நாற்பதுக்கு அக்சா இந்தக் கூடத்துக்குள் ஓடி வருவாள். அதற்குள் இது முடிந்தாக வேண்டும். சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐந்து.

தனி ராஜாவால் ஜெயிக்க முடியாது. நூறு தடவை அவளே போர்டில் எழுதிப் போட்டது. யானை ஒரு வரிசையை அடைக்கும், ராஜா நெருங்கி வரும், பெட்டி சுருங்கிக்கொண்டே போகும், கடைசியில் ஓரம். ஒழுங்காக ஆடினால் பதினாறு நகர்வுக்குள் முடித்துவிடலாம். "தனி ராஜா என்ன பண்ணணும் மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டபோது, "ஒண்ணும் பண்ண முடியாது, எதிராளி தப்புப் பண்ணுவான்னு காத்துனு இருக்கணும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது தன்னையே அறையலாம் போலிருந்தது.

நகர்ந்தாள். கேன் வந்தது. நகர்ந்தாள். கேன் வந்தது. அடுத்து நாற்காலி கத்திக்கொண்டு நகர்ந்து, அவள் நின்ற வரிசைக்குள்ளேயே நுழைந்து அவளைப் பார்த்துத் திரும்பி நின்றது.

செக்.

நாற்காலியின் இருக்கை மெல்லக் கீழே வளைந்தது. பிளாஸ்டிக் நொறுங்குவது போல ஒரு சின்னச் சத்தம். யாரும் இல்லை. ஆனால் யாரோ உட்கார்ந்தால் எவ்வளவு வளையுமோ அவ்வளவு வளைந்தது. ஊறல் தோலின் வாடை குப்பென்று எழுந்து தொண்டையை அடைத்தது. விரல் நுனிகளில் ஒரு இறுக்கம். கையைத் தூக்கிப் பார்த்தாள்.

குரோம் உப்பில் போட்டுப் பதப்படுத்தி எடுத்த தோல் ஒரு வெளிறிய நீலத்தில் இருக்கும். நெல்வின் எப்போதாவது துண்டு கொண்டுவந்து காட்டியிருக்கிறான், ஈரமாக, ரோமம் போய், உயிர் இருந்த அடையாளமே இல்லாமல். அந்த நீலம் அவள் நகத்தடியிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. இரண்டாவது கணுவரை. கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்திய இடத்தில் உணர்ச்சி இல்லை, தடிமனாக ஏதோ ஒன்று மட்டும்.

வாசல் பக்கம் ஒரு வரிசை ஒதுங்கினாள். நீலம் இறங்கியது. விரல்கள் திரும்பி வந்தன. செக்மேட் என்றால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கர்த்தாவே, கர்த்தாவே என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்த வரிசை. மறுபடி நாற்காலி. மறுபடி ஒரு வரிசை. அப்போதுதான் அவளுக்குள் ஒரு சின்ன நப்பாசை முளைத்தது. அது அவளை வாசலை நோக்கித்தானே துரத்துகிறது? துரத்தட்டும். முதல் வரிசையின் நடுவில்தான் கதவு. எதிர்ப்பே காட்டாமல் அவளாகவே முதல் வரிசைக்கு ஏறினாள். கதவுக்கு முன்னால் இருக்கும் வெள்ளைக் கல்லில் நின்று தாழ்ப்பாளுக்குக் கையை நீட்டினாள்.

கை கல்லின் ஓரத்தோடு நின்றது.

கண்ணாடியில் முட்டியது மாதிரி. தாழ்ப்பாள் அரையடி தூரத்தில் இருந்தது, அதில் ஒட்டியிருந்த பழைய பெயின்ட் துணுக்குகூடத் தெரிந்தது. வெளியே போக முடியாவிட்டால் போகிறது, தாழை மட்டும் போட்டுவிட்டால் குழந்தை உள்ளே வர மாட்டாள். தோளைக் கொடுத்து முட்டினாள். நகத்தால் கீறினாள். கட்டம் முடிகிற இடத்தில் அவள் உலகம் முடிந்தது. பலகையைவிட்டு வெளியே போகும் ராஜா எந்த ஊரிலும் கிடையாது.

பின்னால் நாற்காலி நீளமாகக் கத்தியது. திரும்பாமலேயே தெரிந்தது அவளுக்கு. இரண்டாவது வரிசை. இனி அவளுக்கு மிச்சம் முதல் வரிசையின் எட்டுக் கல்தான்.

மூன்று இருபத்தேழு. சமையலறையில் போன் அடித்தது. நெல்வினாக இருக்கும். அடித்து ஓய்ந்தது.

கல் சுட்டது. இடது பக்கம் ஒதுங்கினாள். கேன் வந்து, ஒரு கல் இடைவெளி விட்டு அவளுக்கு நேர் எதிரே நின்றது. இன்னும் ஒன்று ஒதுங்கினாள். அதுவும் ஒதுங்கி நேர் எதிரே நின்றது. குளுக். தண்ணீர் பாதிதான் இருந்தது இப்போது. காலையில் வந்த புதுக் கேன்.

இன்னும் ஒன்று. குளுக்.

இப்போது அவளுக்கு இடது பக்கம் ஒரே ஒரு கல், மூலை. வலது பக்கம் திரும்பினால் மறுபடி ஓட்டம், மறுபடி எதிரே கேன், இன்னும் பத்து நகர்வோ இருபதோ. ஓட ஓடத் தள்ளிப்போடலாம். ஆனால் மணி மூன்று முப்பத்து மூன்று.

மூலைக்குப் போனால்?

நாற்காலி இரண்டாவது வரிசையின் அந்தக் கோடியில் நிற்கிறது. ஒரே ஒரு கல் முன்னால் வந்து முதல் வரிசையில் நின்றால் போதும், மேட். ஆனால் முதல்முறை ஆடும் பிள்ளைகள் அதைச் செய்வதில்லை. தூரத்திலிருந்தே கொல்லலாம் என்பது அவர்களுக்குத் தெரியாது. யானையை இழுத்துக்கொண்டு வந்து ராஜாவின் பக்கத்திலேயே ஒட்டி வைப்பார்கள். வைத்தவுடன் ராஜாவுக்கு செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. ஸ்டேல்மேட். ஆட்டம் டிரா. ஜெயித்துக்கொண்டிருந்த பிள்ளை அழ ஆரம்பிக்கும். இது எங்கே ஆடக் கற்றுக்கொண்டது? இந்தக் கூடத்தில்தானே. அந்தப் பிள்ளைகளைப் பார்த்துத்தானே.

அது தப்புப் பண்ணும். பண்ணியே தீரணும்.

பெர்சிஸ் மூலைக் கல்லில் கால் வைத்தாள்.

எதுவும் அசையவில்லை. மின்விசிறி ஒரு சுற்று. இன்னொரு சுற்று. கேன் அவளுக்குக் கோணலாக, இரண்டு வரிசை தள்ளி நின்றது. அந்தக் கோடியில் நாற்காலி. அதன் இருக்கை வளைந்து, நிமிர்ந்து, மறுபடி வளைந்தது. யோசிக்கிறது. விரல் நுனியில் இறுக்கம் தொடங்குகிறதா? இல்லை. இன்னும் இல்லை. முன்னால் வராதே. பக்கவாட்டில் வா. என் தங்கமே, பக்கவாட்டில் வா.

நாற்காலி நகர்ந்தது.

பக்கவாட்டில்.

ஒவ்வொரு கல்லாகக் கத்திக்கொண்டு, கதவுக்கு முன்னால் இரண்டாவது வரிசையைக் கடந்து, நின்று நிதானித்து, மறுபடி இழுபட்டு, அவள் முழங்கால் உயரத்தில் கோண முனையில் வந்து ஒட்டி நின்றது. பெர்சிஸ் கண்ணால் கணக்குப் பார்த்தாள். பக்கத்துக் கல் கிடையாது. முன் கல் கிடையாது. கோணக் கல்லில் அதுவே நிற்கிறது, அதைத் தள்ளிவிடலாம் என்றால் கேன் காவல் காக்கிறது. செக் இல்லை.

காலடியில் கல் குளிர்ந்தது. ஆற்று மணலில் தோண்டி எடுத்த ஈரம் மாதிரி குளிர்ந்தது.

டிரா. அவளுக்கு அழுகை முட்டியது. பிழைத்துவிட்டோம், அக்சாவும் பிழைத்தாள். மணி மூன்று முப்பத்து ஏழு. முதலில் தாழ்ப்பாளைப் போட வேண்டும், பிறகு பின்பக்கமாக வெளியே ஓடி வேனையே மறித்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் பள்ளிகொண்டாவுக்கு பஸ் ஏறிவிட வேண்டும். இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூடாது.

கையைத் தூக்கினாள். கை வரவில்லை.

கால் வரவில்லை. கழுத்து திரும்பவில்லை. நாக்கைப் புரட்டிப் பார்த்தாள், அது மேலண்ணத்தில் ஒட்டியபடியே கிடந்தது. மூச்சு மட்டும் தானாக வந்து போனது. வலி இல்லை. சூடு இல்லை. நகர்வு இல்லை.

போட்டிகளில் டிரா ஆனால் நடுவர் வருவார், கையெழுத்து வாங்குவார், காய்களைப் பெட்டியில் போட்டு மூடுவார்கள். இங்கே யார் வருவார்கள்? நாற்காலி அவள் பக்கத்தில் நின்றது. கேன் நின்றது. இரண்டுக்கும் எந்த அவசரமும் இருப்பதாகத் தெரியவில்லை.

தெருமுனையில் வேன் ஹாரன்.

வேண்டாம்.

ஃபரீதா அக்காவின் செருப்புச் சத்தம். அவள் பையன் ஏதோ கேட்க, அவள் அதட்டுகிறாள். பின்னால் ஒரு சின்ன ஓட்டம். ஒரு ஷூ தரையில் விழுகிறது. இன்னொரு ஷூ.

"அக்சா, சாக்ஸை உள்ள எடுத்துனு போ கண்ணு. அம்மா திட்டப் போறாங்க."

"சரி ஆன்ட்டி!"

வராதே. அடியே, வராதே. தொண்டைக்குள் அவள் கத்திய கத்தலில் ஒரு இழைகூட வெளியே போகவில்லை.

கதவு திறந்தது. வெயில் ஒரு பட்டையாக உள்ளே விழுந்தது. அக்சா ஒரு கையில் சாக்ஸோடு, இரட்டைச் சடை அவிழ்ந்து, வெறுங்காலோடு கதவுக்கு முன்னால் இருக்கும் வெள்ளைக் கல்லில் ஏறி நின்றாள்.

"இன்னாம்மா மூலைல நிக்கிற? கண்ணாமூச்சியா?"

சிரித்துக்கொண்டு அம்மாவிடம் ஓடி வரக் காலைத் தூக்கினாள். கால் அந்தப் பக்கம் போகவில்லை. குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள் குழந்தை. மறுபடி முயன்றாள். வெளியே திரும்பப் பார்த்தாள். அதுவும் முடியவில்லை.

தனி ராஜாவுக்குத்தான் ஸ்டேல்மேட். ஒரே ஒரு சிப்பாய் பலகையில் இருந்தாலும் அது டிரா இல்லை. சிப்பாய் நகர்ந்தாக வேண்டும். சிப்பாய் பக்கவாட்டில் போகாது, பின்வாங்காது. நேர் எதிரே ஒரு கட்டம். அந்தக் கட்டம் இரண்டாவது வரிசையில் இருந்தது. அந்த வரிசையில்தான் நாற்காலி நின்றது, நடுவில் எதுவும் இல்லாமல்.

அது தப்புப் பண்ணவே இல்லை. அது மணி பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா." அக்சாவின் முகம் சுருங்கியது. ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றாள். "அம்மா, தரை சுடுதும்மா."

பெர்சிஸின் பக்கத்தில் நாற்காலி சத்தமே இல்லாமல் குழந்தையை நோக்கித் திரும்பியது. இருக்கை மெல்லக் கீழே வளைந்தது.

"அம்மா! சுடுது! தூக்கு!"

குழந்தை அழுதுகொண்டே முன்னால் காலை நீட்டினாள். கறுப்புக் கல்லில் முதலில் பெருவிரல் பட்டது, பிறகு மற்ற விரல்கள், பிறகு பாதம் முழுதும். குளிர்ந்திருக்க வேண்டும். அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கால் நகங்களின் அடியில் அந்த வெளிறிய நீலம் ஏறத் தொடங்கியிருந்தது.

நாற்காலி புறப்பட்டது.

கண்ணையாவது மூடிக்கொள்ளலாம் என்று பெர்சிஸ் நினைத்தாள். இமை நகரவில்லை.